கோடிட்ட இடமும் பல்லியும்

முள்ளிக்கரையில் மழை பொய்த்த மூன்றாவது வருஷம், ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, உரக்கடை மாடியில் இருக்கிற லிபர்ட்டி டுடோரியலில், கரும்பலகைக்கு மேலே சுவரும் கூரையும் சேருகிற மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி ஒன்று, பத்தாம் வகுப்பில் தவறிய முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆங்கில வாத்தியார் மாசிலாமணிக்கும் முன்னால், கோடிட்ட இடத்துக்குச் சரியான விடையைச் சொன்னது. அவள் பாட்டில் கெட்டிக்காரி என்பதுதான் வாக்கியம். 'ஷி இஸ் குட் டேஷ் சிங்கிங்' என்று மாசிலாமணி வாசிக்க, முதல் பெஞ்சு எசக்கியம்மாள் எழுந்து 'இன்' என்றாள், பல்லி பேசாமல் இருந்தது. 'ஃபார்' என்றாள், அதற்கும் பேசாமல் இருந்தது. 'அட்' என்றாள், 'ச்சு ச்சு ச்சு' என்று மூன்று தரம் சொன்னது. முள்ளிக்கரையில் ஒருவர் பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் அந்தப் பேச்சு சத்தியம் என்று பொருள். அதை ஒப்புக்கொள்ள ஆள்காட்டி விரலால் பக்கத்தில் கிடைத்ததில் மூன்று தட்டுத் தட்டுவார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் பெஞ்சில் தட்டினார்கள். மாசிலாமணியும் மேசையில் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார், அதற்கும் பல்லி சொன்னது.

மூன்றாவது கேள்விக்கும் சொன்னபோது மாசிலாமணிக்கு முதுகு குறுகுறுத்தது. இருபத்திரண்டு வருஷமாக ப்ரிபொசிஷன் நடத்துகிற மனிதர் அவர், இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பொடிச் சொற்களை நம்பாத மனிதரும் அவர்தான். பெரிய சொற்களிடம் ஒரு நியாயம் உண்டு, பொருள் கேட்டால் சொல்லும். இந்த 'இன்'னும் 'அட்'டும் 'ஆன்'னும் 'பை'யும் 'வித்'தும் எதற்காக ஒரு சொல்லோடு குடித்தனம் நடத்துகின்றன, எதற்காக இன்னொரு சொல்லைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது, அதிலும் இடியம் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அவர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, அதைத் தேடி எடுத்து, நிமிர்கிற நேரத்துக்குள் ஒரு பதிலைத் தயார் பண்ணிக்கொள்வார். அப்படியும் வராவிட்டால், 'ரெண்டும் வரும், பரீட்சையில இத எழுதுங்க' என்று ஏதாவது ஒன்றைக் காட்டிவிடுவார். ஊர் அவரை நம்பியது, அவர் அந்த நம்பிக்கையை நம்பிப் பிழைத்தார்.

அந்த வாரத்திலேயே வம்பு வந்தது. கடைசி நொடியில் தப்பிப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வழக்குச் சொல் உண்டு, அதை அவர் வருஷா வருஷம் 'அட் த நிக் ஆஃப் டைம்' என்று நடத்தி வந்தார். அன்றைக்கும் 'அட்' என்றார். பல்லி வாலைக்கூட அசைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் 'அட்' என்றார், மேலே பார்த்து மூன்றாவது தரம் உரக்க 'அட்' என்றார். எசக்கியம்மாள் தயங்கித் தயங்கி, ''இன்'னா இருக்குமோ சார்?' என்றதுதான் தாமதம், ச்சு ச்சு ச்சு என்றது. பெஞ்சுகள் தட்டப்பட்டன. இருபத்திரண்டு வருஷத்துப் பிள்ளைகள், இப்போது மளிகைக் கடையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள், அத்தனை பேரும் வரிசையாக அவர் மனசில் வந்து நின்று 'அட், அட்' என்றார்கள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கப்பட்ட மனிதன் முதலில் செய்கிற காரியம் சந்தேகப்படுவது. அடுத்த தெருவில் நேஷனல் டுடோரியல் நடத்துகிற சைமன்துரைதான் ஏதோ பண்ணி இந்தப் பல்லியை உள்ளே விட்டிருக்க வேண்டும் என்று மாசிலாமணி நினைத்தார். அதே நேரம் சைமன்துரை, மாசிலாமணி சிங்கப்பூரிலிருந்து பேட்டரிப் பல்லி வரவழைத்துப் பிள்ளைகளை இழுக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக மாடியேறி வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, பல்லியின் வயிற்றை ஒளிவிட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு கொசுவும் இரண்டு முட்டைகளும் தெரிந்தன. இறங்கும்போது தன் நோட்டிலிருந்து ஒரு இடியம் கேட்டுப் பார்த்தார், அது சொன்னது, அவரையறியாமல் ஸ்டூலில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கோபமாக வீட்டுக்குப் போனார்.

பல்லி எப்படி ஆங்கிலம் கற்றது என்று ஊர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. உரக்கடைக்கு வந்த வெளிநாட்டு மூட்டையில் ஏறி வந்திருக்கும் என்றார்கள் சிலர். இதே மாடியில் அந்தக் காலத்தில் குடியிருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் பென்ஷன் பேப்பரில் ஆங்கிலம் தப்பாகிப்போன ஏக்கத்தில் செத்தார், அவர்தான் இது என்றார்கள் சிலர். பல்லி பட்டினி கிடக்கக்கூடாது, பூச்சி வரட்டும் என்று டியூப்லைட்டைப் பகலிலும் எரியவிட்டார்கள். அதைத் துரத்தக்கூடாது என்று கூரையில் ஒட்டடை அடிப்பதை நிறுத்தினார்கள். தேர்வுத் துறையிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி, தான் கொண்டுவந்த பன்னிரண்டு கேள்விக்கும் பன்னிரண்டு சரியான பதில் கேட்டு, பன்னிரண்டு தரமும் தன் பையின் மேல் தட்டி, தேர்வறைக்குள் பல்லியைக் கொண்டுவரத் தடை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐஸ் போட்ட கலர் சோடா குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே போயிருந்தால் ஊருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பவழத்தெரு நலச்சங்கத்துச் செயலாளர், சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் முட்டை எண்ணி ஓய்வுபெற்ற குருவம்மாள், யாரையும் எதிலும் நம்பாதவள், ஒரு நாள் மத்தியானம் மாடியேறி வந்தாள்.

"சார், பல்லி சொன்னா சத்தியந்தானே?"

"ஆமா, நம்ம பக்கத்துல அப்படிச் சொல்லுவாக."

"என் நாத்தனா என்னப் பத்தித் தப்பாப் பேசிட்டுத் திரியுதா. தமிழ்ல கேட்டுப் பாத்தேன், இது மூச்சு விடல. நீங்க அத இங்கிலீஷ்ல எழுதுங்க பாப்போம்."

மாசிலாமணி எழுதினார். 'மை சிஸ்டர் இன் லா ஸ்பீக்ஸ் இல் டேஷ் மீ.' எழுதியது வாத்தியாருடைய கை, இடையில் கோடு போடாமல் அதற்கு எழுதத் தெரியாது. 'அபௌட்' என்றார், 'ஆன்' என்றார், 'ஆஃப்' என்றார். ஆஃப் என்றதும் ச்சு ச்சு ச்சு என்றது. குருவம்மாள் விரலால் தட்டினாள், அன்று சாயந்தரமே நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்று பிடிபிடி என்று பிடித்தாள், அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

அதற்கப்புறம் ஜனம் விடுமா? சந்தேகம் இல்லாத வீடு முள்ளிக்கரையில் ஏது? புருஷன் எதையோ தன்னிடமிருந்து மறைக்கிறான் என்று ஒருத்தி எழுதிக் கேட்டாள், 'ஃப்ரம்' என்றதும் பல்லி சொன்னது. கூட்டாளி தன் கண்ணில் மண்ணைத் தூவுகிறான் என்று ஒருவன் கேட்டான், அதற்கும் ஒரு இடியம் இருந்தது, 'ஓவர்' என்றதும் பல்லி சொன்னது. பிள்ளைகள் வெளியே வராந்தாவில் படித்தார்கள், வகுப்பறையில் பெரியவர்கள் வரிசையில் நின்று தங்கள் சந்தேகத்தை ஒவ்வொன்றாகக் கோடிட்ட இடமாக மாற்றிக்கொண்டு, விடை வந்ததும் தட்டிவிட்டு, முகம் இறுகிப்போய் மாடியிறங்கினார்கள். யாரும் யாரிடமும் சர்க்கரை கடன் கேட்பது நின்றுபோனது.

மாசிலாமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கழுதைகள் கணக்கில் கெட்டிக்காரப் பிராணிகள் என்று ஆங்கிலத்தில் எழுதி, நடுவே கோடு போட்டு, மெல்லிய குரலில் 'அட்' என்றார். ச்சு ச்சு ச்சு. மீன்கள் மரத்தில் வாழ்கின்றன என்று எழுதி 'இன்' என்றார். ச்சு ச்சு ச்சு. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல்லிக்கு ஊர் விவகாரம் எதுவும் தெரியாது, அதற்குத் தெரிந்தது ஒரு பொடிச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பது மட்டும்தான். மெய்யும் பொய்யும் அதற்கு ஒரே கோடுதான். போர்டை நன்றாகத் துடைத்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், இப்போதெல்லாம் தெருவில் அவர் நடந்தால் ஜனம் ஒதுங்கி வழிவிட்டது, சாக்பீஸைக் கீழே போடவேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிருந்தது. அது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போது பவழத்தெருத் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. ஊரில் இருந்த ஒரே நல்ல ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் அது. வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டுகளும் கொஞ்சம் கிரீஸும்தான் இருந்தன. மோட்டார் அறைச் சாவி ஒரே ஆளிடம்தான் உண்டு, தெருத் தெருவாகப் போய் வால்வைத் திருகித் தண்ணீர் திறந்துவிடுகிற சங்கிலிபூதத்தானிடம். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் திருகியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவான். ஒவ்வொரு தெருவும், அவன் அடுத்த தெருவுக்குப் பத்து நிமிஷம் கூட விடுகிறான் என்று பதினைந்து வருஷமாக நம்பி வந்தது. மோட்டார் அறைக்குப் பக்கத்து ஒற்றை அறையில் பெண்சாதியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருந்தான், வேலை போனால் வீடும் போகும்.

ஒன்பது நாள் பொறுத்தார்கள். பத்தாம் நாள் சனிக்கிழமை காலை, பவழத்தெருவே காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்து பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தது. சங்கிலியை முன்னால் நிறுத்தினார்கள். திருகியைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள், அது இல்லாமல் அவனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"எழுதுங்க சார்" என்றாள் குருவம்மாள். "சங்கிலி மோட்டாரத் தூக்கிட்டுப் போயிட்டான்னு எழுதுங்க."

"யம்மா, நான் எடுக்கலம்மா. என் பிள்ளைய மேல சத்தியமா எடுக்கல" என்றான் சங்கிலி.

"நீ ஏம்ல சத்தியம் பண்ணுத? அதுக்குத்தான் பல்லி இருக்கே."

மாசிலாமணி சாக்பீஸை எடுத்தார். 'சங்கிலி மேட் ஆஃப் டேஷ் த மோட்டர்.' எழுதும்போதே அவருக்கு ஒரு யோசனை ஓடியது. சரியான விடையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பல்லி பேசாது, பேசாவிட்டால் சங்கிலி தப்பித்தான். 'இன்' என்றார், 'ஆன்' என்றார், 'பை' என்றார், 'ஃபார்' என்றார், 'டு' என்றார், எதற்கும் பல்லி பேசவில்லை. 'ஆக, சங்கிலி எடுக்கல' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"சார், 'வித்'த விட்டுட்டிய" என்றாள் வராந்தா ஜன்னலிலிருந்து எசக்கியம்மாள். அவள் நல்ல மாணவி.

ச்சு ச்சு ச்சு என்றது பல்லி. தட்டுகிற சத்தம் பெஞ்சுகளிலிருந்தும் குடங்களிலிருந்தும் கிளம்பியது, காலிக் குடங்களின் சத்தம் நெடுநேரம் நிற்கவில்லை. குருவம்மாள், பொழுது சாய்வதற்குள் சங்கிலியின் சாமான்களைத் தெருவில் வைத்துவிட வேண்டும், போலீஸுக்கு நாளைக்குப் போகலாம் என்றாள். சங்கிலி பல்லியைப் பார்த்தான். பதினைந்து வருஷம் ஊரின் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போனவன், இப்போது தான்தான் ஏதாவது மறந்துவிட்டோமோ என்று யோசிப்பதுபோல நெற்றியைத் தடவினான். மாசிலாமணி அதைப் பார்த்தார். தன்னுடைய சுகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததன் பலனை ஒரு குடும்பம் அனுபவிக்கப்போகிறது என்பது அவருக்கு உறைத்தது.

"நில்லுங்க" என்றார். "இந்தப் பல்லிக்கு ஒரு எழவும் தெரியாது. அது ப்ரிபொசிஷன் சரியா தப்பான்னுதான் பாக்குது. விஷயம் நெசமான்னு பாக்காது. கழுதைக்குக் கணக்கு வரும்னு எழுதினாலும் சொல்லுது, நானே எழுதிப் பாத்தேன்."

"கழுதைக்கு வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் பின் பெஞ்சில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

மாசிலாமணி போர்டைத் துடைத்துவிட்டு, இந்தக் களவில் சங்கிலிக்குப் பங்கில்லை என்று எழுதினார். 'சங்கிலி ஹேட் நோ ஹேண்ட் டேஷ் த தெஃப்ட்.' 'ஆன்' என்றார், 'அட்' என்றார், 'இன்' என்றார். ச்சு ச்சு ச்சு.

"பாத்தியளா? எடுத்தான்னாலும் சொல்லுது, எடுக்கலன்னாலும் சொல்லுது!"

கூட்டத்தில் முணுமுணுப்பு பரவியது. யாரும் தட்டவில்லை. குருவம்மாள் போர்டைப் பார்த்தாள், பல்லியைப் பார்த்தாள், கடைசியில் மாசிலாமணியைப் பார்த்தாள், பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"பல்லி மாறல சார்" என்றாள் நிதானமாக. "போர்டு மாறல. கேள்வியும் ஒண்ணுதான். நடுவுல எழுதுன ஆளு மனசுதான் மாறியிருக்கு. இவனக் காப்பாத்த உங்களுக்கு என்ன இவ்வளவு அவசரம்?"

"முன்னயும் சார் 'வித்'த சொல்லாம விட்டாரு" என்றது ஒரு குரல்.

"நானும் கவனிச்சேன்" என்றது இன்னொரு குரல்.

மாசிலாமணிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவர்களுக்கு உறைக்கிற மாதிரி ஒன்று காட்டவேண்டும், சின்னப் பிள்ளைக்கும் அபத்தம் புரிகிற மாதிரி ஒன்று. இரண்டு அரிசி மூட்டை கனம் உள்ள மோட்டார் அது. நெஞ்சுவலிக்காரர் என்று குடத்தைக்கூட அவர் தூக்குவதில்லை, அது ஊருக்கே தெரியும். சாக்பீஸை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில், 'மாசிலாமணி மேட் ஆஃப் டேஷ் த மோட்டர்' என்று எழுதினார். மேலே பார்த்து, வகுப்பில் சொல்வதுபோல வாய் நிறைய 'வித்' என்றார்.

ச்சு ச்சு ச்சு.

"கேட்டியளா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். "நானாம்! நான் தூக்கிட்டுப் போனேனாம்!"

அவர் மட்டும்தான் சிரித்தார். முதல் பெஞ்சில் ஒரு விரல் தட்டியது. பிறகு இரண்டாவது பெஞ்சு, பிறகு அறை முழுவதும், பிறகு வராந்தாவில் எசக்கியம்மாளும் மற்றப் பிள்ளைகளும் ஜன்னல் கம்பியில் தட்டினார்கள். குருவம்மாள் மூச்சை இழுத்து விட்டாள். முப்பது வருஷம் முட்டை எண்ணியவளுக்குக் கணக்குச் சேர்ந்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"இப்ப எல்லாம் சரியா வருது" என்றாள். "சங்கிலிக்குப் பங்கில்லன்னு சொல்லிச்சு, அது நெசம். சார்தான்னு சொல்லிச்சு, அதும் நெசம். மொதல்ல சங்கிலின்னதுக்குச் சொல்லிச்சே, அது சார எழுத வச்சு வெளிய கொண்டுவரத்தான். வாத்தியார் வாயாலயே வர வச்சிருக்கு பாருங்க."

"அம்மா, நான் உதாரணத்துக்கு எழுதினேன்" என்றார் மாசிலாமணி. அவர் குரல் அவருக்கே திருடன் குரலாகக் கேட்டது. "நெஞ்சுவலிக்காரன் நான், எப்படித் தூக்குவேன்?"

"அதான் யோசிக்கேன்" என்றாள் குருவம்மாள். "உங்களுக்கு நெசமாவே நெஞ்சுவலி உண்டா சார்?"

ஜனம் எழுந்து ஆளுக்கொரு பக்கமாக நின்றது. சிலர் உரக்கடைக் கொல்லையைப் பார்க்கப் போனார்கள், சிலர் அவர் வீட்டுப் பக்கம் போனார்கள். யாரோ சங்கிலியிடம் திருகியை எடுத்துக் கொடுத்தார்கள், அதைத் தோளில் சாய்த்ததும் அவனுக்கு முகம் தெளிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாசிலாமணியிடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இவன் ஒருத்தனாவது நம்மை நம்புகிறானே என்று அவர் நினைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னான்.

"சார், எனக்காக நீங்க உண்மையச் சொல்லிட்டிய. யாரு சொல்லுவா? சாகுத மட்டுக்கும் மறக்க மாட்டேன். மோட்டார எங்க வச்சிருக்கியன்னு மட்டும் என் காதுல சொல்லுங்க. யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். நானே போய் எடுத்துட்டு வந்து மாட்டிருதேன், பிள்ளைய குளிச்சு ஒம்பது நாளாச்சு."